எல்லையில் ஊறிய மௌனம்

அயல்மொழி நடுவே வாழும் நமக்கு, சொல் வறண்டுவிடுமோ என்னும் அச்சம் உண்டு. 1956 நவம்பர் 1-இல் கேரளத்தோடு நின்றுவிட்ட நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதித் தமிழரும் இவ்வச்சம் அறிந்தவரே. அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றால் நாகர்கோவில். சுந்தர ராமசாமி வாழ்ந்த ஊர். சிறுவயதைக் கோட்டயத்தில் கழித்து, பதினெட்டு வயதையொட்டியே தமிழ் எழுதக் கற்றவர் அவர். ‘பசுவய்யா’ என்ற பெயரில் 1959 முதல் ‘எழுத்து’ இதழில் கவிதை புனைந்தார். 1966-க்குப் பின் ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் பேனா ஓய்ந்திருந்தது. இரு மொழிக்கிடையே நின்றதால் வந்த வறட்சி என்று நாம் கருதலாகாது. 1973-இல் கவிதையோடு மீண்டார். 1975-இல் ‘நடுநிசி நாய்கள்’ தொகுதி வெளிவந்தது. 1981-இலோ, மலையாள எழுத்தாளர் ஒருவரையே கற்பனையில் படைத்து, ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலைத் தமிழில் தந்தார்!