கையில் ஒரு போன், வகுப்பில் நாற்பது பிள்ளைகள்: ஆசிரியர்களுக்கு உதவும் இலவசக் கருவிகள்

"ஆசிரியர்களுக்கான நூறு இலவசச் செயலிகள்" என்பது போன்ற பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வலம் வருகின்றன. அவற்றில் பல, ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு கணினியோ ஸ்மார்ட்போனோ இருக்கும் என்று எண்ணி உருவாக்கப்பட்டவை. நம் பிள்ளைகள் படிக்கும் பல பள்ளிகளில் நிலைமை அப்படி இல்லை.

2020ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாம் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். வீட்டில் இருப்பது ஒரு போன். அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் அன்று வகுப்பே கிடையாது. இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது என்ற தகராறு வேறு. பாடம் போனுக்குள் போனதும் போன் இல்லாத பிள்ளை வகுப்புக்கு வெளியே நின்றது.

எனவே ஒரு கருவி நல்லதா என்று பார்க்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஆசிரியரிடம் மட்டும் போன் இருந்தால் இது பயன்படுமா? அதற்கு ஈடுகொடுக்கும் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. பாடநூல்களும் காணொளிகளும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து பிடிஎஃப் வடிவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் கிடைக்கும். இதற்கான தீக்ஷா தளத்தை மத்திய அரசு 2017ல் தொடங்கியது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் 'மணற்கேணி' செயலியிலும் பாடங்கள் காணொளிகளாக உள்ளன.

இலங்கையில் தமிழ்மொழி மூலம் கற்பிப்பவர்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்திலிருந்து தமிழ்ப் பாடநூல்களைப் பெறலாம். கல்வி அமைச்சின் 'ஈ-தக்ஷலாவ' தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு.

2. வாசிப்புக்கு 'ஸ்டோரிவீவர்'

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ல் தொடங்கிய தளம் இது. படங்களுடன் கூடிய சிறுவர் கதைகள் தமிழிலும் நிறைய உள்ளன. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப அவை நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு முதல் நிலைக் கதையைக் கொடுத்துத் தொடங்கலாம்.

இக்கதைகள் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியாகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், வகுப்பில் பகிரலாம். காப்புரிமை பற்றிய பயம் வேண்டாம்.

3. அறிவியலுக்கு 'ஃபெட்', கணிதத்துக்கு 'ஜியோஜீப்ரா'

இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ல் தொடங்கியது 'ஃபெட்' திட்டம். மின்சுற்று, அடர்த்தி, பின்னங்கள் போன்றவற்றைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். பேட்டரியையும் பல்பையும் கம்பியால் இணைத்தால் பல்பு எரியும். கம்பியைத் துண்டித்தால் அணையும். ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு இது பெரிய உதவி. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் உருவாக்கியது 'ஜியோஜீப்ரா'. ஒரு முக்கோணத்தை வரைந்து அதன் முனையை இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும். ஆனால் அவற்றின் கூடுதல் 180 பாகையாகவே இருக்கும். பத்து முறை சொல்லியும் புரியாததைப் பிள்ளைகள் ஒரு முறை பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

திரையே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். அர்விந்த் குப்தாவின் இணையதளத்தில் தீக்குச்சி, உறிஞ்சு குழல், பழைய செய்தித்தாள் ஆகியவற்றால் அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைகள் உள்ளன. ஆசிரியர் முந்தைய நாள் வீட்டில் பார்த்துக்கொண்டால் போதும்.

4. கேள்வி கேட்க 'பிளிக்கர்ஸ்'

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிந்தது" என்றுதான் சொல்லும். உண்மையில் யாருக்குப் புரிந்தது என்பதை அறிய உதவுவது பிளிக்கர்ஸ். அதன் தளத்தில் உள்ள அட்டைகளை அச்சிட்டு மாணவருக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு. நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்தில் இருக்கும். மாணவர் தம் விடை மேலே வருமாறு அட்டையைப் பிடிக்க, ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் மீது மெதுவாக ஓட்டினால் எல்லோருடைய விடைகளும் பதிவாகிவிடும்.

கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் விடை சொல்லிவிடுகிறது. தவறாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்பதால் கூச்சமும் இல்லை. அட்டைகளைப் பளபளப்பாக லேமினேட் செய்ய வேண்டாம். வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாமல் போகலாம்.

5. இணையம் கிடைக்காத பள்ளிகளுக்கு

'கிவிக்ஸ்' மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். 'கொலிப்ரி' என்ற மென்பொருளை ஒரு கணினியில் நிறுவினால், ஒரு ரவுட்டர் வழியாக மற்றக் கருவிகளும் அதிலுள்ள பாடங்களைப் பார்க்கலாம். இரண்டுக்கும் முதலில் இறக்கும்போது மட்டுமே இணையம் தேவை.

இலவசத்திலும் எச்சரிக்கை தேவை

சில செயலிகள் முதல் மாதம் மட்டும் இலவசமாக இருந்து பிறகு பணம் கேட்கும். வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் செயலியைத் தவிர்ப்பது நல்லது. சில செயலிகள் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, போன் எண் ஆகியவற்றைச் சேகரிக்கும். 18 வயதுக்கு உட்பட்டோரின் தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எனவே முடிந்தவரை மாணவர் பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணை மட்டும் பதியுங்கள். பிள்ளைகளின் புகைப்படங்களையும் மதிப்பெண்களையும் எல்லோரும் பார்க்கும் குழுவில் போட வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியப் பணியில் இருக்கும் சகோதர சகோதரிகள் இவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு பாடம், ஒரு கருவி என்று ஒரு பருவம் முழுவதும் செய்து பாருங்கள். பயன் இருந்தால் அடுத்ததற்குச் செல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. கதைகளையும் அட்டைகளையும் அச்சிடும் செலவு பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தப் பணத்திலிருந்தே போகிறது. அதைப் பெற்றோரும் ஊர் ஜமாஅத்தும் ஏற்றுக்கொள்ளலாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொடுத்தால், அதில் கிவிக்ஸையும் ஃபெட்டையும் நிறுவலாம். போன் இல்லாத வீட்டுப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு சமமாக அமர்ந்து கற்க அதுவே போதுமானதாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.