வீட்டில் கை ஓங்கும் பழக்கத்தை மாற்ற முடியுமா?

'கோபத்தில் என்னை மறந்து அடித்துவிட்டேன்' என்பது குடும்ப வன்முறையில் ஈடுபடுவோர் பலரும் சொல்லும் காரணம். ஆனால், வேலையிடத்தில் மேலாளர் திட்டினால் அதே மனிதர் கோபத்தை அடக்கிக்கொள்கிறார். வீட்டில் மட்டுமே கை ஓங்குகிறது. 'இங்கே என்னை யாரும் கேட்க மாட்டார்கள்' என்ற எண்ணத்தில் வளர்ந்த பழக்கம் அது. பழக்கம் என்பதால் அதை மாற்றவும் முடியும்.

பழியைத் தள்ளிவிடக் கூடாது

'அவள் எதிர்த்துப் பேசினாள்', 'குடிபோதையில் நடந்துவிட்டது' என்பதை நிறுத்துவதே முதல் படி. மது வன்முறையைக் கடுமையாக்கும். ஆனால், குடியை விட்டால் மட்டும் போதாது. மனைவியை அடக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணமும் மாற வேண்டும்.

விலகி நிற்கும் முறை

குரல் உயர்வது, பல்லைக் கடிப்பது, கை இறுகுவது ஆகியவை முன் அறிகுறிகள். அவை தெரிந்ததும், 'ஒரு மணி நேரத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவர வேண்டும். அந்த நேரத்தில் குடிக்கவோ வாகனம் ஓட்டவோ கூடாது. சொன்ன நேரத்தில் திரும்பிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை இருவரும் அமைதியாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உறவினர்களின் பங்கு

'பொறுத்துப் போம்மா' என்று பெண்ணிடம் சொல்வதை உறவினர்கள் நிறுத்த வேண்டும். 'கை வைப்பது தப்பு' என்று அடிப்பவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால், வெளியே சொன்னதற்காகவே அவர் மீண்டும் அடி வாங்க நேரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், பாதுகாப்பு உத்தரவு கோரும் வழக்கில் ஆலோசனைக்கோ மறுவாழ்வு சிகிச்சைக்கோ செல்லும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஆனால், கணவர் மாறும் வரை மனைவி அடி வாங்கிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி, உடலுக்குக் காயமோ அதற்கான மிரட்டலோ இருந்தால், சமூக நல அதிகாரி விண்ணப்பம் கிடைத்த 2 மணி நேரத்திற்குள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்கலாம். அது 7 நாள்களுக்குச் செல்லும். அதற்குப் போலீஸ் புகார் கட்டாயமில்லை.

உதவிக்கு: தாலியான் காசே 15999 (24 மணி நேரமும்). உடனடி ஆபத்து என்றால் 999.