அரை மார்க் சொற்களும் காவிரித் தண்ணீரும்

ஆங்கிலப் பரீட்சையில் ப்ரிபொசிஷன் என்றாலே கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விதான். இன், ஆன், அட், டு, ஆஃப்... தப்பாக எழுதினால் அரை மார்க் போகும், அவ்வளவுதானே என்று பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால் இரண்டு அரசுகள் கையெழுத்துப் போடும் காகிதத்தில் இந்தக் குட்டிச் சொற்களுக்கு மதிப்பே வேறு. அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டாம், நம் காவிரியே போதும்.

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையில் ஒரு படுகை அணை இருக்கிறது. ராஜவாய்க்கால் அங்கிருந்துதான் பிரிகிறது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் என்று இன்றும் அந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். வாழை, வெற்றிலை, கரும்பு எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித்தான். அந்தத் தண்ணீர் வருவது மேட்டூர் அணையிலிருந்து. மேட்டூருக்கு வருவதில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து. இந்த வரவை நெடுங்காலம் முடிவு செய்தவை 1892, 1924 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள். இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

இது உள்நாட்டு விஷயமாயிற்றே, ராஜதந்திரம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அன்று மைசூர் தனி மகாராஜா ஆண்ட சமஸ்தானம். சென்னை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மாகாணம். அதனால் இருவரும் இரண்டு நாடுகளைப் போலவே கடிதம் எழுதினார்கள், பேசினார்கள், ஒப்பந்தம் போட்டார்கள்.

முதலில் 1892. அந்த ஒப்பந்தத்தின் தலைப்பில், சென்னை அரசுக்கு முன்கூட்டியே 'ரெஃபரன்ஸ் டு' இல்லாமல் மைசூர் புதிய பாசன வேலை செய்யக்கூடாத எல்லைகள் என்று இருக்கிறது. உள்ளே விதியைப் படித்தால் சென்னை அரசின் முன் 'கன்சென்ட் ஆஃப்' வேண்டும் என்கிறது. என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 'டு' என்றால் "அவர்களுக்கு". விஷயத்தை அவர்களுக்கு அனுப்பு என்று பொருள். 'ஆஃப்' என்றால் "அவர்களுடைய". சம்மதம் அவர்கள் கையில் இருக்கும் பொருள், அவர்கள் கொடுத்தால்தான் உண்டு. தகவல் சொல்வதும் அனுமதி வாங்குவதும் ஒன்றாகுமா?

சென்னைக்கும் கடிவாளம் இருந்தது. ஏற்கனவே அனுபவித்து வரும் பாசன உரிமையைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே சம்மதத்தை மறுக்கலாம் என்றும் அதே ஒப்பந்தம் சொன்னது.

1910இல் மைசூர் கிருஷ்ணராஜசாகர் அணைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது இந்தச் சம்மதம்தான் பிரச்சினை ஆனது. நடுவராக நீதிபதி கிரிஃபின் நியமிக்கப்பட்டார். 1914இல் வந்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக இருந்தது. சென்னை அதை ஏற்காமல் மேலே முறையிட்டது. கடைசியில் 1924 பிப்ரவரி 18 அன்று புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூர் கிருஷ்ணராஜசாகரைக் கட்டிக்கொள்ளலாம், சென்னை மேட்டூரைக் கட்டிக்கொள்ளலாம். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது.

அந்த ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. குறிப்பிட்ட சில உட்பிரிவுகளில் உள்ள கட்டுப்பாடுகளும் ஏற்பாடுகளும் 'அட் தி எக்ஸ்பைரி ஆஃப்' ஐம்பது ஆண்டுகள், 'ஓபன் டு' மறுபரிசீலனை. அதாவது 50 ஆண்டுகள் முடியும்போது அவற்றை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

50 ஆண்டு முடிந்தது 1974இல். சண்டை பெரிதானதும் இந்த வாக்கியத்தின் மேல்தான். தமிழ்நாடு சொன்னது இது: 'எக்ஸ்பைரி' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஆஃப்' போட்டு வருவது ஐம்பது ஆண்டுகள், ஒப்பந்தம் அல்ல. முடிந்தது காலக்கெடு. சில உட்பிரிவுகளை மறுபரிசீலனை செய்யலாம், அதுவும் இருவரும் ஒத்துக்கொண்டால்தான். மற்றதெல்லாம் நிற்கும். கர்நாடகமோ 50 ஆண்டோடு ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றது.

பேச்சுவார்த்தைகள் பலன் தரவில்லை. 1990 ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு. அதன்மேல் அப்பீல் போய், 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1892, 1924 ஒப்பந்தங்கள் செல்லுபடியானவைதான், ஆனால் 1924 ஒப்பந்தம் 50 ஆண்டு நிறைந்ததும் 1974இல் முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி. ஆனது. இந்தக் குறைப்புக்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அல்ல. தமிழ்நாட்டின் நிலத்தடி நீர், பெங்களூரின் குடிநீர்த் தேவை எல்லாம் கணக்கில் வந்தன. ஆனால் பழைய ஒப்பந்தம் என்றென்றைக்கும் நிற்கும் என்ற தமிழ்நாட்டின் வாதம் அந்த வாக்கியத்தில்தான் தோற்றது.

இதோடு முல்லைப் பெரியாறு குத்தகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1886இல் திருவிதாங்கூரும் சென்னையும் எழுதியது. 999 ஆண்டு'க்கு' என்று காலம் அதில் தெளிவாக இருக்கிறது. அங்கும் வழக்குகள் உண்டு, ஆனால் எத்தனை ஆண்டு என்ற குழப்பம் இல்லை.

உலக அளவில் பிரபலமான உதாரணம் 1967 நவம்பர் 22இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம். இஸ்ரேல் படைகள் பிரதேசங்களில் 'இருந்து' விலக வேண்டும் என்று 'ஃப்ரம்' போட்டார்கள். அதன் பின்னால் 'தி' போடவில்லை. பிரெஞ்சுப் பிரதியில் வரும் 'டே' என்ற சொல்லில் 'ஃப்ரம்', 'தி' இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எல்லாப் பிரதேசங்களில் இருந்துமா, சிலவற்றில் இருந்தா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகளும் அவற்றோடு வரும் சொற்களும் செய்கின்றன. தொல்காப்பியம் இதற்கென்று வேற்றுமையியல் என ஒரு இயலே வைத்திருக்கிறது. "50 ஆண்டுகளில்", "50 ஆண்டுகளுக்கு", "50 ஆண்டுகளுக்குப் பின்" இவை மூன்றும் ஒன்றா? தமிழில் சட்டென்று புரிகிற இந்த வேறுபாட்டை ஆங்கிலத்திலும் கவனித்தால் போதும்.

சர்வதேச விஷயங்களை எழுதும்போது சில பழக்கங்கள் உதவும். 'ட்ரீட்டி' இரண்டு நாடுகளுக்குள் என்றால் 'பிட்வீன்'. 'அக்ரிமென்ட்' யாரோடு என்றால் 'வித்', எதைப் பற்றி என்றால் 'ஆன்'. ஒரு நாட்டுக்கு அனுப்பப்படும் தூதர் 'அம்பாஸடர் டு'. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' வரவே வராது, நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். 'ஃபைட் வித்' என்றால் எதிர்த்தும் போரிடலாம், கூட நின்றும் போரிடலாம். எதிரி என்றால் 'அகெய்ன்ஸ்ட்' போடுவது நல்லது.

2018 தீர்ப்பிலும் ஒரு காலக்கெடு இருக்கிறது. இந்தப் பங்கீடு 15 ஆண்டு'களுக்கு' மாறாது என்கிறது. அதாவது 2033. அன்று இரண்டு மாநில வக்கீல்களும் ஒவ்வொரு சின்னச் சொல்லாகத்தான் படிப்பார்கள். அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கமும் இருக்க வேண்டும்.