சந்தியா ரங்கநாதன்

சந்தியா ரங்கநாதன் இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் முன்கள ஆட்டக்காரர். 1996-இல் பிறந்தவர், ஊர் கடலூர் மாவட்டம் பண்ருட்டி. தமிழ்நாட்டிலிருந்து தேசிய அணிக்குப் போய், ஒலிம்பிக் தகுதிச் சுற்றுகளில் கோல் அடித்தவர். ஸ்ட்ரைக்கர் என்றதும் எத்தனை கோல் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இவருடைய காலத்துப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆடுவதற்கு எத்தனை ஆட்டம் கிடைத்தது?

புதுச்சேரிக்கு வடக்கே உப்பளங்களின் ஊரான மரக்காணம், தெற்கே சந்தியாவின் மாவட்டத் தலைநகரான கடலூர். இரண்டும் ஒரே கடற்கரை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இரண்டையும் அடித்தது. அதன் பிறகு கடலூரில் அரசு இல்லங்களில் தங்கிப் படித்த பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தரப்பட்டது. துக்கத்திலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவரத் தொடங்கிய பயிற்சி, சில ஆண்டுகளில் மாநில அணிக்கே ஆள் தரும் அளவுக்கு வளர்ந்தது. கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி 2018-இல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிக் கட்டத்தில் ஆடிய ஏழு அணிகளில் ஒன்று. பெருநகரக் கிளப்புகளோடு ஒரு மாவட்டத் தலைநகரின் அகாடமி மோதியது சாதாரணக் காரியமில்லை. நடுக்களத்தில் நெடுங்காலம் இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் கடலூர்க்காரர்தான்.

இந்தத் தலைமுறைக்கு முன்பும் இந்தியாவில் பெண்கள் பந்து ஆடினார்கள். இந்தியாவில் 1975-இல் பெண்களுக்கெனத் தனிச் சம்மேளனம் உருவாயிற்று; 1980-இலும் 1983-இலும் இந்திய அணி ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. பிறகு வந்த ஆண்டுகளில் அந்த ஊக்கம் வடிந்துபோனது. உள்நாட்டில் மணிப்பூரின் கைதான் ஓங்கியிருந்தது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதல் முறையாகப் பட்டம் பெற்றது. தமிழ்நாட்டின் ஆண்கள் அணி தங்கள் தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையை இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வெற்றியின் எடை தெரியும்.

சந்தியாவின் வாழ்வில் 2019 நிறைந்த ஆண்டு. மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியப் பட்டத்தை இந்தியா வென்றது. அடுத்த மாதமே மியான்மரின் மாண்டலேயில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான இரண்டாம் தகுதிச் சுற்று. இந்தோனேசியாவை 2-0 என்றும் நேபாளத்தை 3-1 என்றும் வென்ற இந்தியா, ஏப்ரல் 9 அன்று போட்டியை நடத்திய மியான்மரை எதிர்கொண்டது. இரு அணிக்கும் ஆறு புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் மியான்மர் முந்தியிருந்ததால், இந்தியாவுக்கு வெற்றி ஒன்றே வழி. 10-ஆம் நிமிடத்தில் சந்தியா கோல் அடித்தார். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஆடிய அணியை முதலில் திணறவைத்தது அந்தக் கோல்தான். பிறகு சஞ்சு ஒன்று, ரத்தன்பாலா ஒன்று. எதிர்ப்பக்கம் வின் தெங்கி துன் ஒருவரே மூன்று கோல் போட்டார். ஆட்டம் 3-3. தோற்காமலேயே இந்தியா வெளியேறியது. ஸ்ட்ரைக்கராக அன்று அவர் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார். கோல் அடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த "10" எனக்கு இன்றும் வலிக்கிற எண்.

அடுத்த மாதம் லூதியானா. மதுரையைத் தளமாகக் கொண்ட சேது கிளப் பன்னிரண்டு அணிகள் ஆடிய இந்தியப் பெண்கள் லீக்கில் இறங்கியது. பஞ்சாபில் மே மாத வெயில். இரண்டரை வாரத்தில் மொத்தப் போட்டியும் முடிந்தது: குழுவில் ஐந்து ஆட்டம், அரையிறுதி, இறுதி. மே 22 அன்று மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று சேது தேசியப் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. சந்தியா அந்த அணியின் முன்களத்தில் இருந்தார்.

அதே பருவத்தில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கிளப் ஆண்களுக்கான ஐ-லீக்கை வென்றது. அக்டோபர் முதல் மார்ச் வரை 20 ஆட்டங்கள். அதன் ஸ்ட்ரைக்கர் பெத்ரோ மான்சி அடித்தது 21 கோல். சேதுவின் பெண்களுக்கு ஏழே ஆட்டம். மான்சி நாலு ஆட்டத்தில் தடுமாறினாலும் ஐந்தாவதில் கால் பழகிவிடும், மீதி பதினைந்தில் ஈடுகட்டலாம். ஏழு ஆட்டப் போட்டியில் கணுக்கால் பிசகினால் ஆண்டே போயிற்று. கோல் அடிப்பது பழக்கத்தால் வருவது. பெனால்டி பாக்ஸுக்குள் பந்து வருமுன் ஒரு எட்டு பின்வாங்கி, டிஃபெண்டரின் முதுகுப்புறம் மறைந்து, அவர் தலையைத் திருப்பும் கணத்தில் முன்னே பாய வேண்டும். பயிற்சியில் நூறு தடவை செய்தாலும், எதிராளி உண்மையாகவே தடுக்கும்போதுதான் அது கைகூடும்.

மரக்காணத்து உப்பளங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கோடை முழுக்க விடியுமுன்பே பாத்தியில் இறங்கி உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். பெண்கள் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தியில் நீர் நிறையும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். பெண்கள் கால்பந்தும் இங்கே நெடுங்காலம் அப்படிப் பருவத் தொழிலாகத்தான் நடந்தது. லீக் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். மீதி மாதங்களைக் கல்லூரியையோ அரசு வேலையையோ நம்பித் தள்ள வேண்டும். திறமைக்குக் குறை சொல்லுமுன் இதைச் சொல்வதுதான் நியாயம்.

கொரோனா அந்தச் சிறு பருவத்தையும் விழுங்கியது. 2020-21 லீக் நடக்கவே இல்லை. 2022 ஜனவரியில் இந்தியாவே நடத்திய ஆசியக் கோப்பையில் ஈரானுடன் 0-0 என ஆடிய பிறகு, தொற்றால், ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் தேவையான பதின்மூன்று பேரைக்கூடத் திரட்ட முடியாமல் அணி விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்காக பிஷ்கெக் சென்ற இந்தியா கிர்கிஸ்தானை முதலில் 5-0, அடுத்து 4-0 என வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் சந்தியா இரண்டு கோல் அடித்தார். அடுத்த சுற்று தாஷ்கண்டில். அங்கே ஜப்பான் 7-0 என வென்றபோது, ஆண்டு முழுவதும் ஆடுகிறவர்களுக்கும் சில வாரங்கள் ஆடுகிறவர்களுக்கும் உள்ள தூரம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. மணிப்பூரின் பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்து, ஸ்ட்ரைக்கர் வேலையை ஆண்டு முழுவதற்குமான தொழிலாகச் செய்யலாம் என்று காட்டினார். 2023-இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் லீக் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. 2023-24 முதல் லீக், ஒரே ஊரில் கூடிக் கலையும் முறையை விட்டு, சொந்த மைதானத்திலும் எதிரணி மைதானத்திலும் ஆடும் முறைக்கு மாறியது: முதலில் ஏழு அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம், அடுத்த பருவத்தில் எட்டு அணிகள், 14 ஆட்டம். லூதியானாவில் சேது பட்டம் வெல்ல ஆடியதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. அந்தப் பதினான்கு ஆட்டப் பருவம் வந்தபோது சந்தியாவுக்கு வயது இருபத்தெட்டு.