மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் கொதிநீரின் பாடமும்

யாழ்ப்பாணத்தின் போர்க்கால வரலாற்றை எழுதுவோர் தாக்குதல்களையும் இடப்பெயர்வுகளையும் பேச்சுவார்த்தைகளையும் விரிவாக எழுதியுள்ளனர். பொருளாதாரத் தடைக் காலத்தில் நோயாளரையும் கர்ப்பிணிப் பெண்களையும் வைத்தியசாலைக்கு ஏற்றிச்சென்ற பழைய கார்களைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. பெற்றோலுக்கென வடிவமைக்கப்பட்ட அக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். நடுவழியில் கொதித்து நின்றுவிடாமல் அவை எவ்வாறு ஓடின என்பதையே இங்கு பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அன்று அதிகம் கண்ணில் பட்டவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியனவே. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. தொடக்கத்தில் அதன் என்ஜினுக்குத் தண்ணீர்ப் பம்ப் கூட இருக்கவில்லை. சூடான நீர் தானாக மேலெழுந்து றேடியேற்றருக்குள் சென்று, ஆறிக் கீழிறங்கி, மீண்டும் என்ஜினுக்குத் திரும்பியது. 1952 முதல் பொருத்தப்பட்ட 803 கன சென்ரிமீற்றர் என்ஜின் பம்புடன் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை, இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. எங்கள் கராஜ்களின் கைத்திறன் அவ்வாண்டுகளிலேயே வளர்ந்தது.

அத்திறனுக்கான பெருஞ்சோதனை 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது வந்தது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோல் மருந்துபோல் அளந்து பாவிக்கப்படும் பொருளாயிற்று. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய என்ஜின்களே இதற்கு ஓரளவு ஈடுகொடுத்தன.

மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. என்ஜின் போதிய சூட்டில் இல்லாவிட்டால் அது எரியாமல் சிலிண்டர் சுவர்வழியே வழிந்து என்ஜின் ஒயிலுடன் கலந்து, ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். சூடு மிஞ்சினாலோ, எரிபொருள் முன்கூட்டியே வெடித்து 'நொக்' சத்தம் எழும். அது சூட்டை மேலும் கூட்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையிலேயே சாரதிகள் காரைச் செலுத்தினார்கள். இங்கிலாந்தின் பேர்குசன் உழவு இயந்திரங்களில் மண்ணெண்ணெயையொத்த எரிபொருளுக்கென 1949இல் ஒரு வகை வந்தது. அத்தகைய உழவு இயந்திரங்களை ஓட்டியோர், என்ஜின் ஆறிவிடாதிருக்க றேடியேற்றரின் முகப்பைத் திரையிட்டு மறைப்பதுண்டு. வெப்பநாட்டில் தேவையில்லை என்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் எங்கள் வழக்கம் மண்ணெண்ணெய்க் காருக்குப் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது இடர் எங்கள் கிணற்று நீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைத்தது. விபரம் அறிந்தவர்கள் மழைநீரைச் சேமித்து ஊற்றினார்கள்.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் இக்கார்களில் பயணம் செய்த எனக்கு, வயது முதிர்ந்த வாடகைக்கார்ச் சாரதி ஒருவர் சொன்ன விளக்கம் இன்றும் பயன்படுகிறது. "தம்பி, கார் கொதிச்சா எங்க கொதிச்சதெண்டு முதல்ல பார்க்கவேணும்" என்பார். சந்தியில் நின்று நின்று போகும்போது கொதித்தால் பான் பெல்ற் தளர்ந்திருக்கும்; காற்று போதாது. நீண்ட வீதியில் வேகமாகப் போகும்போது கொதித்தால் றேடியேற்றர் அடைபட்டிருக்கும். என்ஜினை நிறுத்தியபின் கையால் தொட்டுப் பார்த்தால், அடைபட்ட பகுதி மட்டும் குளிர்ந்திருக்கும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கொதித்தால் தெர்மோஸ்ரற் திறக்க மறுத்திருக்கலாம். றேடியேற்றர் நீரில் குமிழி விடாமல் எழுந்து, ஒயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் பசை படிந்திருந்தால் ஹெட் கஸ்கற் போய்விட்டது. மேலே ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

கொதித்த காரின் மூடியை உடனே திறக்கலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகை செல்சியசுக்கு உயர்த்துகிறது. திறந்த கணமே அழுத்தம் நீங்கி, நீர் ஆவியாய்ச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். அரை மணிநேரமாவது பொறுக்கவேண்டும். பின்னரும், என்ஜினை மெதுவாக ஓடவிட்டே நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். சூடான இரும்பில் குளிர்நீர் பட்டால் சிலிண்டர் ஹெட் வெடிக்கக்கூடும். நோயாளியை ஏற்றிய காரில் இந்த அரை மணிநேரம் எத்தனை பெரியது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஆகவேதான் அச்சாரதிகள் ஒவ்வொரு காலையும் நீர், ஒயில், பெல்ற், ஹோஸ் ஆகிய நான்கையும் பாராமல் புறப்படுவதில்லை.

2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தபோது பெற்றோலும் வந்தது, புதிய வாகனங்களும் வந்தன. பழைய கார்கள் பல மாமரத்தடியில் துருப்பிடித்தன. சில இன்று திருமண ஊர்வலங்களில் அழகுக்காக ஓடுகின்றன. அவற்றை ஓட்டியும் திருத்தியும் வைத்திருந்தவர்களுட் பலர் மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருப்போர் முதுமையில் உள்ளனர். உங்கள் ஊரில் அத்தகையவர் ஒருவர் இருந்தால், அவரிடம் சென்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரு முற்றுகையை மக்கள் எவ்வாறு தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கான சான்று அவர்களிடமும் உண்டு.