சாவாத ஆடுகளும் வழக்காடும் சாமியும்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் விசாரிப்பது குடவோலையைத்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டிவைத்த தேர்தல் விதிகள். வரலாற்று வாத்தியாராக நானும் அதைத்தான் பிள்ளைகளுக்கு நடத்தினேன். ஆனால் அக்காலக் கல்வெட்டுகளைப் படிக்கப் படிக்க என்னை இழுத்தது வேறு விஷயம்: எதை உயிருள்ளது என்று அவர்கள் கணக்கில் வைத்தார்கள்?

ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் தொண்டை மண்டலத்தில் பெரும்பாலும் 90 ஆடுகள் விடுவார், சோழநாட்டில் 96. மந்தையை ஏற்கும் மன்றாடி தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் பொறித்தார்கள். ஆடு சாகும், கிழடாகும் என்பது மேய்ப்பவருக்குத் தெரியாதா? செத்த ஆட்டின் இடத்தில் குட்டி ஏறும். மன்றாடிக்குப் பின் அவர் பிள்ளைகள் நெய் அளப்பார்கள். எண்ணிக்கை நிற்கும்வரை மந்தைக்குச் சாவில்லை.

ஊர்ச்சபையும் அப்படித்தான். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருப்பவர்களின் பெயரைக் குடத்தில் இட்டு எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் ஆள் இறங்கிவிடுவார். ஏரி வாரியம் இறங்காது, ஏரிக்கரையை யாராவது பார்த்தாக வேண்டுமே.

அந்த வரிசையில்தான் பெருமாளும் வருகிறார். நிலம் அவர் பேரில், அமுதுபடி அவருக்கு, விளக்கு அவருக்கு. இங்குள்ள சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் அவர் கீழ்த்தளத்தில் நிற்கிறார், நடுத்தளத்தில் அமர்ந்திருக்கிறார், மேல்தளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். படியேறி மூன்றையும் சேவிக்கும்போது, வாழும் ஒருவரின் வீட்டில் மாடி மாடியாக நடக்கிற உணர்வு எனக்கு வரும்.

கல்லில் தெய்வம் உண்டா என்று சிவவாக்கியர் கடிந்து கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஆகமம் தரும் பதில் பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்துக் கிராமத்தில் திருப்பணி நடந்தபோது, சுவாமியைத் தற்காலிகமாக இடம் மாற்றி வைக்கும் பாலாலயம் பார்த்தேன். நூல் சுற்றிய செப்புக் குடம், வாயில் மாவிலை, மேலே தேங்காய், தர்ப்பைக் கூர்ச்சம். கருவறையில் கொத்தனார்கள் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சுவாமி இப்போ எங்கே இருக்கார்?" என்று பட்டாச்சாரியாரைக் கேட்டேன்.

"இந்தக் கும்பத்துல எழுந்தருளியிருக்கார் சார். உள்ளே இருக்கறது இப்போ வெறும் சிலை. சம்ப்ரோக்ஷணத்தன்னிக்குத் திரும்பப் போவார்."

ஆக, கல்லே உயிர் என்று ஆகமம் சொல்லவில்லை. அழைத்தால் வருவார், வேறிடம் மாற்றினால் மாறுவார், வந்தவரை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்கிறது. இதை மூடத்தனம் என்று தள்ளுவது அவசரப் புத்தி.

சட்டமும் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. குலதெய்வச் சிலை ஒன்றுக்காக வங்காளத்தில் எழுந்த வழக்கில், தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்று 1925இல் பிரிவி கவுன்சில் சொன்னது. தஞ்சைப் பகுதியின் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கடத்தப்பட்ட நடராஜர் லண்டனில் சிக்கியபோது, கோயிலே வழக்காடலாம் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றது. நடராஜர் தமிழகம் திரும்பினார். இடிந்து கிடந்த கோயில்தான் அது; ஆனாலும் சாகவில்லை என்று தீர்ப்பானது. சாவா மூவா ஆட்டை எழுதிய கைக்கு இந்தத் தீர்ப்பு புதிதாக இருந்திருக்காது.

உத்திரமேரூர் வந்தால் குடவோலைக் கல்வெட்டோடு திரும்பிவிடாமல் சுந்தர வரதரையும் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தால் எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணாம்பு அடிக்கவோ மணல் பீய்ச்சவோ விடாதீர்கள். சாமிக்கு எந்த நிலம், எந்த விளக்கு, யார் பொறுப்பு என்பதற்கு அந்தக் கல்தான் பத்திரம்.