ஏற்றத்தைத் தேர்ந்தவர்கள்

மலையைக் கடக்கும் பாதையை வகுப்போர் இருவகையினர். ஏற்றத்தைத் தணிக்க வழி தேடுவோர் ஒரு வகை. ஏற்றத்தையே தேடிச் செல்வோர் மற்றொரு வகை. புகையிரதப் பாதையை அமைக்கும் பொறியியலாளர் முதல் வகையினர். பல நாட்கள் தொடர்ந்து நடைபெறும் துவிச்சக்கர வண்டிப் பந்தயத்துக்கு மலைகளைத் தெரிவு செய்வோர் இரண்டாம் வகையினர். முன்னவரின் கைவண்ணத்தை ஊவா மாகாணத்து மக்கள் நன்கறிவர். பின்னவரின் வரலாறு பிரான்ஸ் தேசத்திலே தொடங்குகின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, பதுளையைச் சூழ்ந்துள்ள மலைவீதிகளின் வரலாறும் புதியதோர் ஒளியில் புலப்படும்.

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. 1893 இல் அப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும் எட்டிய அப்பாதை, முப்பது ஆண்டுகள் கழிந்து 1924 ஏப்ரல் மாதத்திலேதான் பதுளையைச் சென்றடைந்தது. இப்பாதையில் மிக உயர்ந்த நிலையமான பட்டிப்பொல கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,897 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. இத்துணை உயரத்துக்கு ஏறியும், 44 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேற்பட்ட ஏற்றம் கூடாது என்பதே பொறியியலாளர் கைக்கொண்ட விதி. அதாவது, நூற்றுக்கு இரண்டேகால் என்னும் அளவு. இரும்புத் தண்டவாளத்தின்மீது இரும்புச் சில்லு வழுக்கும் இயல்புடையதாதலால், அதற்கு மேற்பட்ட ஏற்றத்தில் பாரமான வண்டித் தொடரை இழுத்தல் அரிது. மலை செங்குத்தாக இருக்குமிடத்துப் பாதையை நீட்டியேனும் ஏற்றத்தைக் குறைத்தனர். தெமோதரையில் நிலையத்தை விட்டு நீங்கும் பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தின் வழியாக வெளிவருவது இவ்விதியின் விளைவேயாகும்.

பந்தயத்துக்கு மலையைத் தெரிவு செய்தவரோ இதற்கு நேர்மாறான நோக்குடையவர். ஹென்றி தெக்ரான்ஜ் என்பவர் ஆசிரியராக விளங்கிய விளையாட்டுப் பத்திரிகையொன்று, தன் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு, 1903 இல் டூர் டி பிரான்ஸ் என்னும் பந்தயத்தைத் தொடங்கியது. வாசகர் வியக்கும் செய்தி வேண்டுமாயின், வீரர் படும் பாடும் பெரிதாயிருத்தல் வேண்டும். 1905 இல் பலோன் தல்சாஸ் என்னும் மலை பந்தயத்திற் சேர்க்கப்பட்டது. அடுத்து, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரனீஸ் மலைத்தொடரைச் சேர்க்க வேண்டுமெனத் தெக்ரான்ஜின் துணைவரான அல்போன்ஸ் ஸ்டைனெஸ் வற்புறுத்தினார். 1910 இல் தூர்மலே கணவாயைப் பார்வையிடச் சென்ற அவருடைய மோட்டார் வண்டி பனியில் தடைப்பட்டது. இரவில் அவர் கால்நடையாகவே கணவாயைக் கடந்து, வழி தவறி, பெரும்பாடு பட்டு மறுபுறத்தை அடைந்தார். அங்ஙனமிருந்தும், பாதை மிக நன்று, கடத்தற்குரியது என்றே அவர் தந்தி அனுப்பினார்.

அத்தந்தியின் விலையை வீரர்கள் கொடுத்தனர். 1910 ஜூலை 21 ஆம் நாள், லுஷோனிலிருந்து பயோன் வரையுள்ள 326 கிலோமீற்றர் தூரத்தில், தூர்மலே உட்படப் பல கணவாய்களை அவர்கள் கடக்க வேண்டியதாயிற்று. முதல்வராக வந்த ஒக்தாவ் லாபீஸ், வழியில் நின்ற பந்தய அதிகாரிகளைக் கொலைகாரர் எனக் கூவி ஏசினார் என்பது பிரசித்தம். ஆயினும் மலைகள் பந்தயத்தை விட்டு அகலவில்லை. 1911 இல் அல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாய் சேர்க்கப்பட்டது. 1933 இல் சிறந்த மலையேற்ற வீரருக்கெனத் தனிப்பரிசு ஏற்பட்டது. 1952 இல் முதன்முதலாக மலையுச்சியிலேயே அன்றைய ஓட்டம் முடியுமாறு வகுக்கப்பட்டது. அல்ப் துயெஸ் என்னும் ஏற்றம் அவ்வாண்டில் இடம்பெற்றது. 13.8 கிலோமீற்றர் நீளமும், நூற்றுக்கு எட்டு என்னும் சாய்வும், 21 வளைவுகளும் உடையது அது.

ஓர் ஏற்றம் தெரிவு செய்யப்படுவதற்கு உயரம் மட்டும் போதாது. சமதரையில் முன் செல்பவர் காற்றைக் கிழித்துச் செல்ல, பின் வருவோர் அவர் மறைவில் தம் வலிமையைச் சேமிப்பர். கடும் ஏற்றத்தில் வேகம் குன்றுவதால் அம்மறைவினாற் பயன் சிறிதே. ஒவ்வொருவரும் தத்தம் உடற்பாரத்தைத் தாமே தூக்க வேண்டும். வல்லவரும் அல்லாதவரும் பிரிவது அங்கேதான். ஆகவே சாய்வு, நீளம், இறுதிக் கோட்டுக்கும் ஏற்றத்துக்கும் உள்ள தூரம், உச்சியில் உள்ள இடவசதி, இறக்கத்தின் அபாயம் ஆகிய யாவும் ஆராயப்படுகின்றன.

இவ்வளவைகளைக் கொண்டு ஊவாவின் வீதிகளை நோக்கலாம். வெல்லவாயவிலிருந்து எல்ல வரையுள்ள வீதி ஏறத்தாழ 27 கிலோமீற்றரில் 850 மீற்றர் அளவு உயர்கின்றது. சராசரிச் சாய்வு நூற்றுக்கு மூன்றே. புகையிரதப் பாதையின் விதியை விடச் சிறிதே மிகுதி. தொடக்கத்தில் மெல்ல உயர்ந்து, இராவண எல்ல நீர்வீழ்ச்சியை அணுகுகையில் கடுமையாகும் இவ்வீதி, காண்போர்க்கு இனிது. ஆனால் ஓட்டம் பதுளையில் முடியுமாயின், எல்லவுக்கு அப்பால் வரும் நீண்ட இறக்கத்திலே பின்தங்கியோர் மீண்டும் வந்து கூடிவிடுவர். பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு ஏறினாலோ வெற்றி தோல்வி மலையிலேயே தீர்மானமாகும். அப்புத்தளைக்கு அப்பால் தம்பதென்ன தோட்டத்துக்கு மேலே, ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில், லிப்டன் சீட் எனப்படும் இடம் உள்ளது. 1890 இல் தாமஸ் லிப்டன் வாங்கிய அத்தோட்டத்தின் வீதி போதிய ஏற்றமுடையது, ஆயின் ஒடுங்கியது. பூய் த தோம் என்னும் பிரெஞ்சு மலையும் இத்தகைய ஒடுக்கத்தால் 1988 க்குப் பின் பந்தயத்திற் சேர்க்கப்படாதிருந்து, 2023 இலேதான் மீண்டது. அப்பொழுதும் உச்சியை அணுகும் இறுதிப் பகுதியில் பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை.

மழையும் மண்ணும் இத்தெரிவில் இடம்பெறுவன. 2019 ஜூலை 26 ஆம் நாள் ஆலங்கட்டி மழையாலும் மண்சரிவாலும் பாதை மூடுண்டமையால், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் அன்றைய ஓட்டம் நடுவே நிறுத்தப்பட்டது; இஸெரான் கணவாயின் உச்சியில் எடுத்த நேரமே கணக்கிற் கொள்ளப்பட்டது. ஊவாவிலோ மண்சரிவு பந்தயத்தை மட்டும் பாதிப்பதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயன் குடியிருப்புக்களை அவற்றில் வாழ்ந்த மக்களோடு மூடியது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இம்மலைச்சாரலில் வீதியைத் தெரிவு செய்வோர், அச்சாரலில் மக்கள் குடியிருப்பதை மறத்தலாகாது.

இனி, பந்தயம் எந்த வீதியையும் தானாக அமைப்பதில்லை. தூர்மலேயின் வீதி, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் வெந்நீர் ஊற்றுக்களை நாடிச் செல்வோருக்கென அமைந்தது. ஊவாவின் வீதிகள், முதலிற் படைகளும் பின்னர் கோப்பியும் தேயிலையும் செல்லுவதற்காக அமைந்தன. மாட்டு வண்டி ஏறக்கூடிய சாய்வே அவற்றின் அளவுகோல். இலங்கை வீதிகளை அமைத்தவருள் தலைசிறந்த தாமஸ் ஸ்கின்னர் போன்றோரின் காலத்தில், யானைத் தடங்கள் மலையேறுதற்கு ஏற்ற வழிகாட்டிகளாக விளங்கின என்பர். 1833 இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தபின், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு வீதி வேலைகளில் பெரும்பங்கு பெற்றது. அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு அன்னார் வெட்டிய சாய்வுகளிலேதான் இற்றைநாள் வாகனங்கள் ஏறுகின்றன.

அல்ப் துயெஸ் மலையின் ஒவ்வொரு வளைவிலும் அங்கு வென்ற வீரர்களின் பெயர் பொறித்த பலகை நாட்டப்பட்டுள்ளது. பதுளை புனித மாற்கு தேவாலயம், 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட அதிகாரியான மேஜர் ரோஜர்ஸின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. வீதியை வெட்டினோரின் பெயர்களோ எந்த வளைவிலும் இல்லை. ஊவாவின் ஏற்றங்களை நாளை எவரேனும் பந்தயத்துக்கெனத் தெரிவு செய்வாராயின், அவர் தெரிவு செய்வது மலையை மட்டுமன்று. அப்பெயரறியார் விட்டுச் சென்ற உழைப்பையுமாகும்.